ஈற்றுயிரை ஆள்வது எது? செவ்வரபு இலக்கணக் கல்வி

அரபு எழுத்தில் மெய்களும் நெடில்களும் மட்டுமே வரிக்குள் இடம்பெறும். குறில்கள் எழுத்தின் மேலும் கீழும் இடப்படும் சிறு குறிகள். திருக்குர்ஆன், தொடக்கப் பாடநூல் போன்ற சிலவற்றைத் தவிர வேறெங்கும் அவற்றைப் பெரும்பாலும் இடுவதில்லை. ஆனால் செவ்வரபில் ஒரு பெயர் எழுவாயா, செயப்படுபொருளா என்று காட்டுவது பெரும்பாலும் அதன் கடைசியில் ஒலிக்கும் ஒரு குறில்தான். ஆகவே குறியிடாத பனுவலைப் பிழையின்றி வாய்விட்டுப் படிக்க வேண்டுமென்றால், படிப்பதற்கு முன்பே அந்த வாக்கியத்தின் அமைப்பு பிடிபட்டிருக்க வேண்டும். ‘நஹ்வு’ என்ற பெயரில் பன்னிரண்டு நூற்றாண்டுகளாக நடந்துவரும் கல்வி இந்த இக்கட்டைச் சுற்றியே வளர்ந்தது.

ஒரு குறில் எவ்வளவு சுமக்கும் என்பதற்கு இலக்கணிகள் வழிவழியாகக் காட்டும் எடுத்துக்காட்டு மீனையும் பாலையும் பற்றியது. ‘மீன் தின்னாதே’ என்பதற்குப் பின் ‘வ’ என்னும் இணைப்புச்சொல்லும், அதன்பின் ‘குடித்தல்’ என்னும் வினையும் வருகின்றன. அந்த வினை ‘தஷ்ரப்’ என மெய்யோடு முடிந்தால் மீனும் கூடாது, பாலும் கூடாது. ‘தஷ்ரப’ என்று ‘அ’ சேர்ந்தால் இரண்டையும் ஒருசேர உண்ணக் கூடாது. தனித்தனியே உண்ணத் தடையில்லை. ‘தஷ்ரபு’ என்றால் மீன்தான் கூடாது, பால் குடிக்கலாம். எழுத்தில் மூன்றும் ஒன்றே. மீன் குழம்புக்குப் பின் பால் ஆகாது என்று சொல்லும் தமிழ் வீடுகளுக்கு இவற்றில் இரண்டாவது பொருள் உடனே விளங்கிவிடும்.

சொல்லீற்றில் நிகழும் இந்த மாற்றத்துக்கு இஃராப் என்று பெயர். எது மாறுகிறது என்று பட்டியலிடுவதோடு அரபு இலக்கணிகள் நிற்கவில்லை. மாற்றுவது எது என்று கேட்டார்கள். அதற்குக் கிடைத்த விடையான ‘ஆமில்’, அதாவது ஆளுஞ்சொல், இந்தக் கல்வியின் நடுத்தூணாயிற்று. நஹ்வின் வலிமையும் அதன்மேல் காலந்தோறும் எழுந்த குறைகூறலும் இந்த ஒரு கருத்திலிருந்தே கிளைத்தவை.

தொடக்கம்

நஹ்வைத் தொடங்கியவர் பஸ்ராவைச் சேர்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ (இறப்பு ஏறத்தாழ 688) என்பது மரபு. வானத்தைப் பார்த்து ‘எவ்வளவு அழகு!’ என்று வியக்க நினைத்த அவருடைய மகள், ஈற்றுயிரைப் பிழையாக ஒலித்து ‘வானத்தில் மிக அழகானது எது?’ என்று கேட்டுவிட்டதாக ஒரு கதை உண்டு. குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் 3ஆம் வசனத்தில் ‘தூதர்’ என்ற சொல்லை ஒருவர் ‘இ’ கொண்டு ஓத, இறைவன் இணைவைப்போரிடமிருந்து மட்டுமன்றித் தன் தூதரிடமிருந்தும் விலகியவன் என்று பொருள் திரிந்ததாக இன்னொரு கதை. குர்ஆன் பிரதியில் உயிர்களைக் குறிக்க வேற்று நிற மையால் புள்ளியிடும் வழக்கத்தையும் அவர் பெயரிலேயே சொல்வர். இவையெல்லாம் பிற்காலத்தில் எழுதிவைக்கப்பட்டவை. அப்படியே வரலாறாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் கதைகள் சுட்டும் சூழல் மெய்யானது. பஸ்ராவும் கூஃபாவும் 7ஆம் நூற்றாண்டில் படைவீடுகளாக எழுந்த ஊர்கள். பாரசீகமும் அரமேயமும் பேசியவர்கள் அங்கே இஸ்லாத்தைத் தழுவி அரபுக்கு வந்தார்கள். மொழியைப் பிறந்ததிலிருந்து பேசாதவர்களுக்கே அதன் விதி கண்ணில் படும்.

அந்த விதிகளை முதலில் முழுமையாக எழுதியவரும் ஒரு பாரசீகரே. ஸீபவைஹி (இறப்பு ஏறத்தாழ 796) பஸ்ராவில் கலீல் இப்னு அஹ்மதிடம் பயின்றவர். கலீல் அரபு யாப்பை வகுத்தவர். தொண்டையடியில் பிறக்கும் ‘ஐன்’ தொடங்கி ஒலிப்பிடங்களின் வரிசையில் ஓர் அகராதிக்குத் திட்டமிட்டவரும் அவரே. ஆசிரியரின் கருத்துகளைப் பக்கத்துக்குப் பக்கம் எடுத்துரைக்கும் ஸீபவைஹியின் நூலுக்கு அவர் பெயர் சூட்டவில்லை. பிறர் அதை ‘அல்கிதாப்’, அதாவது ‘நூல்’ என்றே அழைத்தார்கள். ஏறத்தாழ 570 அத்தியாயங்களும் சான்றாக ஆயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள் வரிகளும் கொண்டது. வாக்கிய அமைப்பில் தொடங்கிச் சொல்லமைப்புக்குச் சென்று ஒலியியலில் முடிகிறது. எளிய நூலன்று. கலைச்சொற்கள் முழுதாக நிலைபெறாத காலத்தில் எழுதப்பட்டதால் சில தலைப்புகளே பத்தி நீளத்துக்குப் போகின்றன. மாணவரான அக்ஃபஷ் அதைப் பாதுகாத்துப் பரப்பினார். பின்னர் வந்த இலக்கண நூல்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இதற்கு உரை என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

பஸ்ராவுக்கு எதிர்த்தரப்பு கூஃபா. அதன் தலைவர் கிஸாயீ (இறப்பு 805) குர்ஆன் ஓதலின் ஏழு இமாம்களில் ஒருவர். கலீஃபா ஹாரூன் ரஷீதின் மக்களுக்கு ஆசிரியர். பக்தாதில் அமைச்சர் யஹ்யா பர்மகீயின் முன்னிலையில் அவருக்கும் ஸீபவைஹிக்கும் நடந்த வாதம் ‘குளவி வழக்கு’ என்று பெயர் பெற்றது. தேள் கொட்டுவதே கடுமை என்று எண்ணியிருந்த ஒருவர், குளவி கொட்டியதும் அப்படியே இருக்கக் கண்டதாகக் கூறும் வாக்கியம் அது. அதன் இறுதிப் பிரதிப்பெயர் எழுவாய் வடிவில்தான் வரவேண்டும் என்றார் ஸீபவைஹி. செயப்படுபொருள் வடிவும் செல்லும் என்றார் கிஸாயீ. வாசலில் இருந்த பாலைவன அரபிகளை அழைத்துக் கேட்க, அவர்கள் கிஸாயீயின் பக்கம் பேசினார்கள். அரண்மனைச் செல்வாக்கே அப்படிப் பேச வைத்தது என்பது பஸ்ராவினரின் மனக்குறை. ஸீபவைஹி மனமுடைந்து பாரசீகத்துக்குத் திரும்பி இளம் வயதிலேயே இறந்தார். அந்த அவையில் அவர் தோற்றார். ஆனால் பிற்காலக் கல்விக்கூடங்கள் ஏற்றுக்கொண்டது பெரும்பாலும் அவருடைய நெறியைத்தான். பின்னாளில் இப்னுல் அன்பாரீ (இறப்பு 1181) இரு ஊர்க் கருத்து வேறுபாடுகள் 121ஐத் தொகுத்தபோது கூஃபாவின் பக்கம் தீர்ப்புச் சொன்னது மிகச் சிலவற்றில் மட்டுமே.

சான்றாகும் மொழி எது

எவருடைய அரபு சரியான அரபு என்பதில் இலக்கணிகள் கடுமையாக இருந்தனர். குர்ஆன், பழங்கவிதை, நகரக் கலப்பு எட்டாத பாலைவனக் குடிகளின் பேச்சு ஆகிய மூன்றும் ஏற்கப்பட்டன. தமீம், கைஸ், அஸத், ஹுதைல் குடிகளின் பேச்சுக்குத் தனி மதிப்பு இருந்தது. கவிஞர்களிலும் ஓர் எல்லைக்கோடு போட்டார்கள். 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ஹர்மாவோடு சான்றுக்குரிய கவிஞர் வரிசை முடிந்துவிட்டது என்பது பரவலான கருத்து. முத்தனப்பீ போன்ற பெருங்கவிஞரின் வரியும் இலக்கண விதிக்குச் சான்றாகாது.

வியப்பூட்டுவது ஹதீஸ் எனப்படும் நபிமொழியின் நிலை. சட்டத்தில் குர்ஆனுக்கு அடுத்த இடம் ஹதீஸுக்கு. ஆனால் தொடக்ககால இலக்கணிகள் அதை அரிதாகவே சான்றாகக் கொண்டனர். அறிவிப்பாளர்கள் சொல்லை விட்டுப் பொருளை மட்டும் அறிவித்திருக்கலாம். அவர்களில் அரபல்லாதவரும் பலர் என்பது அதற்கான காரணம். 13ஆம் நூற்றாண்டில் இப்னு மாலிக் ஹதீஸைத் தாராளமாகச் சான்றாக்கியபோது, அடுத்த தலைமுறையின் அபூ ஹய்யான் அதைக் கண்டித்தார். பக்தியையும் மொழிச்சான்றையும் இப்படிப் பிரித்து நிறுத்திய துணிவு நஹ்வுக்கு உண்டு.

ஆளுஞ்சொல்லின் வேலை

சொற்கள் மூன்று வகை: பெயர் (இஸ்மு), வினை (ஃபிஃலு), இடைச்சொல் (ஹர்ஃபு). இடைச்சொல் எப்போதும் மாறாது. பெயர் பெரும்பாலும் மாறும். வினையில் நிகழ்வு, எதிர்வு இரண்டையும் குறிக்கும் ‘முளாரிஃ’ வடிவம் மட்டும் மாறும். பெயருக்கு ரஃபு, நஸ்பு, ஜர்ரு என்று மூன்று நிலை. முளாரிஃ வினைக்கு ரஃபு, நஸ்பு, ஜஸ்மு என்று மூன்று. ரஃபின் முதன்மை அடையாளம் ‘உ’, நஸ்பின் அடையாளம் ‘அ’, ஜர்ருக்கு ‘இ’, ஜஸ்முக்கு உயிரின்மை. இருமையிலும் சில பன்மைகளிலும் இந்தக் குறில்களின் இடத்தில் வேறு எழுத்துகள் நிற்கும். ‘தன்வீன்’ என்னும் ஈற்று ‘ன்’ ஒலியை ஏற்காத பெயர்களும் உண்டு. அவை ஜர்ரிலும் ‘அ’வையே ஏற்கும்.

ஆமில் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்ட மதரஸாக்களில் வழங்கும் வாக்கியமே போதும். ‘ஸைதுன் காயிமுன்’ என்றால் ஸைது நிற்கிறார். இரண்டு பெயர்களும் ரஃபில் இருக்கின்றன. முன்னால் ‘இன்ன’ என்னும் உறுதிச்சொல்லைச் சேர்த்தால் ‘இன்ன ஸைதன் காயிமுன்’: முதற்பெயர் நஸ்புக்குப் போகிறது. ‘கான’ (இருந்தான்) சேர்த்தால் ‘கான ஸைதுன் காயிமன்’: இப்போது மாறியது இரண்டாவது. ‘ளனன்து’ (எண்ணினேன்) வந்தால் ‘ளனன்து ஸைதன் காயிமன்’: இரண்டும் மாறிவிட்டன. முன்வந்த சொல் பின்வரும் சொற்களின் ஈற்றை ஆள்கிறது என்பது இங்கே கண்கூடு. இந்த மூன்று சொற்களுக்கும் ‘உடன்பிறப்புகள்’ உண்டு என்று நூல்கள் குடும்பம் குடும்பமாகத் தொகுக்கும். மாணவர் குடும்பத்தை மனப்பாடம் செய்தால் விளைவு தானே வந்துவிடும்.

சிக்கல் எழுவது ஆளுஞ்சொல்லே கண்ணில் படாத இடத்தில். முதல் வாக்கியத்தில் ‘ஸைதுன்’ ஏன் ரஃபில் இருக்கிறது? அதற்கு முன் எதுவும் இல்லையே. வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்பதே ஓர் ஆமில் என்றனர் பஸ்ராவினர். அது ஒலியற்ற, கருத்தளவிலான ஆமில். எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று ஆள்கின்றன என்றனர் கூஃபாவினர். ‘ஸைதன் ளரப்துஹு’ (ஸைதை, அவனை அடித்தேன்) என்ற அமைப்பில் வினைக்கு ‘அவனை’ என்னும் செயப்படுபொருள் ஏற்கெனவே இருக்கிறது. அப்படியானால் ‘ஸைதன்’ என்பதை நஸ்பாக்கியது எது? சொல்லாமல் விடப்பட்ட இன்னொரு ‘அடித்தேன்’ முன்னால் மறைந்திருக்கிறது என்று விடை வந்தது. இப்படி மறைந்ததை மனத்தால் நிரப்பிக்கொள்வது ‘தக்தீர்’. தமிழில் தொகைநிலைத் தொடரை விரித்துப் பொருள் கொள்வதை அறிந்தவர்களுக்கு இந்த உத்தி புதிதாகத் தோன்றாது. ஆனால் அரபில் அது எல்லை கடந்து, ஒவ்வொரு ஈற்றுக்கும் ஒரு காரணம் வேண்டும் என்ற பிடிவாதமாக வளர்ந்தது.

காரணங்களுக்கும் காரணம் தேடினார்கள். எழுவாய்க்கு ஏன் ‘உ’? ஒரு வினைக்கு எழுவாய் ஒன்றுதான், செயப்படுபொருள்களோ பல. ஆகவே கனமான ‘உ’ எண்ணிக்கையில் குறைந்ததற்கும், இலேசான ‘அ’ மிகுந்ததற்கும் கொடுக்கப்பட்டன என்று 10ஆம் நூற்றாண்டில் விளக்கினார்கள். மொழியைப் படைத்தவன் நீதிமானாக இருந்து பாரத்தைப் பங்கிட்டான் என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. அழகான விளக்கம்தான், ஆனால் இதைக் கற்பதால் ஒரு வாக்கியத்தைக்கூடப் பிழையின்றி எழுத வராது.

‘ளரப ஸைதுன் அம்ரன்’, அதாவது ஸைது அம்ரை அடித்தார் என்பதே நஹ்வு நூல்களில் சலிக்காமல் வரும் வாக்கியம். அதிலுள்ள அம்ருக்கு ஒரு தனிக் கதை உண்டு. ‘அம்ர்’, ‘உமர்’ என்னும் இரு பெயர்களும் எழுத்தில் ஒன்றுபோல் இருப்பதால், அம்ரின் கடைசியில் ஒலிக்காத ‘வாவ்’ ஒன்றைச் சேர்த்து எழுதுவார்கள். நஸ்பு நிலையில் அது மறைந்துவிடும். அங்கே அம்ருக்கு ‘அன்’ ஒலிக்கான அலிஃப் வருகிறது, உமருக்கு அது வராது. எனவே வேறு அடையாளம் தேவையில்லை. ஒரு பெயரைச் சரியாக எழுதுவதற்கே அதன் நிலை தெரிந்திருக்க வேண்டும்.

நஹ்வுக்கு இணையாக நடக்கும் பாடம் ‘ஸர்ஃபு’, சொல்லமைப்பு. பெரும்பாலான சொற்களுக்கு வேர் மூன்று மெய்கள். அவற்றை ‘ஃபஅல’ என்னும் அளவுகோலில் வைத்து வடிவங்களை நிறுத்துப் பார்ப்பார்கள். க-த-ப என்ற வேரிலிருந்து எழுதினான் (கதப), எழுதுபவன் (காதிப்), எழுதப்பட்டது (மக்தூப்), எழுதுமிடம் (மக்தப்), நூல் (கிதாப்) என்று கிளைகள் விரியும். இறந்தகால வினை ஒன்றுக்கே ஒருமை, இருமை, பன்மை, பால், இடம் வாரியாக 14 வடிவங்கள். மாணவர்கள் அவற்றைக் கூட்டாக உரக்கச் சொல்லிப் பழகுவர். வேரில் ‘வாவ்’, ‘யா’ போன்ற மெலிந்த எழுத்துகள் இருந்தால் வடிவம் குழையும். ‘கவல’ என்றிருக்க வேண்டியது ‘கால’ (சொன்னான்) ஆகும். ‘சொன்னேன்’ என்னும்போது அந்த நெடிலும் போய் ‘குல்து’ ஆகும். அகராதியில் ஒரு சொல்லைத் தேடவே வேர் தெரிய வேண்டும் என்பதால், ஸர்ஃபு இல்லாமல் நஹ்வு படிப்பவருக்குக் கதவே திறக்காது.

ஈற்றுயிரும் சட்டமும்

இந்தக் கல்விக்கு மார்க்கக் கல்வியில் இவ்வளவு இடம் ஏன் என்பதை உளூவின், அதாவது தொழுகைக்கு முன் உறுப்புகளைத் தூய்மை செய்வதன், வசனம் (குர்ஆன் 5:6) காட்டும். முகத்தையும் கைகளையும் கழுவுங்கள், தலையைத் தடவுங்கள் என்று சொல்லி, பின் ‘உங்கள் கால்கள்’ என்ற சொல்லை அந்த வசனம் வைக்கிறது. ஏழு இமாம்களில் நாஃபிஃ, இப்னு ஆமிர், கிஸாயீ ஆகியோரும், ஆஸிமிடமிருந்து ஹஃப்ஸும் அதை ‘அர்ஜுலகும்’ என்று நஸ்பாக ஓதுகின்றனர். இப்னு கஸீர், அபூ அம்ர், ஹம்ஸா ஆகியோரும், ஆஸிமிடமிருந்து ஷுஃபாவும் ‘அர்ஜுலிகும்’ என்று ஜர்ராக ஓதுகின்றனர். நஸ்பு என்றால் ‘கழுவுங்கள்’ என்பதன் கீழ் வரும். ஜர்ரு என்றால் அருகிலுள்ள ‘தலையை’ என்பதோடு சேர்ந்து ‘தடவுங்கள்’ என்பதன் கீழ் வரும்.

ஸுன்னீ சட்ட அறிஞர்கள் கால் கழுவுவதையே கடமை என்றனர். ஜர்ரு ஓதலுக்கு அவர்கள் இரு விளக்கம் தந்தனர். பக்கத்துச் சொல்லின் ஒலியை ஒட்டி ஈறு ‘இ’ ஆயிற்று என்பது ஒன்று. தோலுறை அணிந்தவர் அதன்மேல் தடவுவதை அது குறிக்கிறது என்பது மற்றொன்று. ஷீஆ இமாமிய்யாக்கள் தடவுவதே சட்டம் என்றனர். நஸ்பு ஓதலைக்கூட, ‘தலை’ என்னும் சொல் வாக்கியத்தில் பெறக்கூடிய செயப்படுபொருள் இடத்தோடு இணைத்துத் தங்கள் பக்கம் கொண்டுவந்தனர். இரு தரப்பும் ஒரே இலக்கணத்தைக் கையாள்கின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது. நஹ்வு எந்தப் பொருள்களுக்கு இடமுண்டு என்று சொல்லும். அவற்றில் ஒன்றைத் தேர்வது ஹதீஸும் மரபும் செய்யும் வேலை.

மூன்று வழக்குகள்

இந்த இலக்கணம் கிரேக்கத்திலிருந்து வந்ததா என்ற கேள்வியை 1889இல் ஜெர்மானிய அறிஞர் மெர்க்ஸ் எழுப்பினார். சொல்லை மூன்றாகப் பகுப்பதே அரிஸ்டாட்டிலின் சாயல் என்றார். டச்சு அறிஞர் வெர்ஸ்டீக் 1977இல் கிரேக்கக் கூறுகளை விரிவாக ஆராய்ந்தார். ஸீபவைஹியின் சொற்கள் தர்க்கத்திலிருந்தல்ல, நல்லது, கெட்டது, இடம், நிலை என்று பேசும் சட்டத்திலிருந்தும் ஒழுக்கத்திலிருந்தும் வந்தவை என்று மைக்கேல் கார்ட்டர் எதிர்வாதம் வைத்தார். அல்கிதாபைப் படிப்பவருக்கு கார்ட்டரின் பக்கமே வலுவாகத் தெரியும். தர்க்கத்தின் செல்வாக்கு 10ஆம் நூற்றாண்டிலிருந்துதான் வெளிப்படை. அந்த நூற்றாண்டின் முற்பகுதியில் பக்தாதில் ஸீராஃபீ என்ற இலக்கணியும் மத்தா என்ற தர்க்க அறிஞரும் அமைச்சர் அவையில் மோதிக்கொண்டதைத் தவ்ஹீதீ பதிவுசெய்திருக்கிறார். தர்க்கம் என்பது கிரேக்க மொழியின் இலக்கணமே. அரபு பேசுபவனுக்கு அது எதற்கு என்பது ஸீராஃபீயின் கேள்வி.

இரண்டாவது வழக்கு, இஃராப் உண்மையில் பேச்சில் இருந்ததா என்பது. ஸீபவைஹியின் மாணவர் குத்ருப் (இறப்பு 821), ஈற்றுயிர்கள் பொருளுக்காக வந்தவை அல்ல, சொற்கள் தடையின்றித் தொடர்வதற்காக வந்தவை என்று சொன்னதாக ஸஜ்ஜாஜீ எழுதியுள்ளார். 1906இல் ஃபோலர்ஸ் குர்ஆனின் முதல் வடிவம் இஃராப் அற்ற பேச்சு நடையில் இருந்தது என்றார். நோல்டெகே அதை மறுத்தார். எகிப்தின் இப்ராஹீம் அனீஸ் 1951இல் குத்ருபின் கருத்தைப் புதுப்பித்தார். ஆனால் அரபின் உறவுமொழியான பண்டைய அக்கேடியம் -உம், -அம், -இம் என்று இதே மூன்று ஈறுகளைக் களிமண் பலகைகளில் வைத்திருக்கிறது. இஃராப் இலக்கணிகளின் கற்பனையல்ல என்பது இதனால் உறுதி. பேச்சிலிருந்து அது எப்போது, எங்கே மறைந்தது என்பதில்தான் அறிஞர்கள் இன்னும் பிரிந்து நிற்கின்றனர்.

மூன்றாவது வழக்கு ஆமிலின் மீதே தொடுக்கப்பட்டது. குர்துபாவைச் சேர்ந்த இப்னு மளா (இறப்பு 1196) முவஹ்ஹித் அரசின் தலைமை நீதிபதி. ஒலித்தவுடன் மறைந்துவிடும் ஒரு சொல் இன்னொரு சொல்லை எப்படி ஆளும் என்று அவர் கேட்டார். ‘உ’வும் ‘அ’வும் இடுவது பேசுபவன்தான். மறைந்த வினைகளை நிரப்புவதும், காரணத்துக்குக் காரணம் தேடுவதும், யாரும் பேசாத வடிவங்களை அமைத்துப் பயிற்சி செய்வதும் நிற்கட்டும் என்றார். சட்டத்தில் நேர்ப்பொருளுக்கு அப்பால் ஒப்புநோக்கி விதி செய்வதை ஏற்காத ளாஹிரீ நெறியின் சாயல் இதில் தெரிகிறது. அவருடைய நூல் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1947இல் ஷவ்கீ ளைஃபின் பதிப்பில் வெளிவந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1937இல், கெய்ரோவில் இப்ராஹீம் முஸ்தஃபா தாஹா ஹுஸைனின் முன்னுரையோடு ‘இஹ்யாவுன் நஹ்வு’ நூலை வெளியிட்டு, ‘உ’ தலைமைச் சொல்லின் அடையாளம், ‘இ’ சேர்ப்பின் அடையாளம், ‘அ’ வெறும் இலேசான ஒலி என்று ஆமிலைக் கைவிட்டிருந்தார். 1938இல் எகிப்தியக் கல்வி அமைச்சகமும் இலக்கணத்தை எளிதாக்க ஒரு குழு அமைத்தது.

தர்க்கத்தில் இப்னு மளாவை மறுப்பது கடினம். ஆனாலும் பள்ளிகளில் ஆமில் இன்றும் உயிரோடிருக்கிறது. மரபின் பிடிவாதம் ஒன்றே இதற்குக் காரணமல்ல. ‘இன்ன’வைக் கண்டதும் அடுத்து நஸ்பு வரும் என்று கை காட்டும் ஒரு விதி, மொழியைப் பேசி வளராத மாணவருக்குப் பற்றிக்கொள்ளக் கிடைக்கும் முதல் கொழுகொம்பு. ‘இது தலைமைச் சொல்’ என்று சொல்லிக் கொடுத்தால், எது தலைமை என்று அவர் முதலில் பொருளை அறிந்திருக்க வேண்டும். அறிவியல் விளக்கமாக ஆமில் தளர்ந்திருக்கலாம். கற்பிக்கும் கருவியாக அதற்கு ஈடு கிடைக்கவில்லை.

அதன் உண்மையான குறையைக் கண்டவர் அப்துல் காஹிர் ஜுர்ஜானீ (இறப்பு ஏறத்தாழ 1078). நூறு ஆமில்களைத் தொகுத்து மாணவர் மனப்பாடம் செய்யச் சிறு நூல் எழுதியவரும் அவரே. ‘தலாயிலுல் இஃஜாஸ்’ என்ற நூலில், நஹ்வு ஈற்றுயிரைக் காப்பதற்கு மட்டுமல்ல என்று வாதிட்டார். எழுவாயை முன்வைப்பதும் பின்வைப்பதும், சுட்டிச் சொல்வதும் பொதுவாகச் சொல்வதும், சொல்வதும் விடுவதும் பொருளை எப்படி மாற்றுகின்றன என்பதே வாக்கிய அமைப்பின் சாரம் என்றார். ஆனால் அவருடைய கருத்து நஹ்வுப் பாடத்துக்குள் திரும்பி வரவில்லை. அணியியல் என்ற தனித்துறையின் தொடக்கமாயிற்று. அந்தப் பிரிவால் நஹ்வு இழந்தது அதிகம்.

பாடநூல்களும் கற்கும் முறையும்

பிற்காலத்தில் இக்கல்வி மனப்பாடத்துக்கேற்ற சுருக்க நூல்களால் நடந்தது. ஃபாஸ் நகரின் இப்னு ஆஜுர்ரூம் (1273–1323) எழுதிய ‘ஆஜுர்ரூமிய்யா’ ஒரு சில பக்கங்களில் அடங்கும். அது ஜர்ரைக் ‘கஃப்ளு’ என்று கூஃபா வழக்கில் அழைப்பதைக் கூர்ந்து படிப்பவர்கள் கவனிப்பர். ஸ்பெயினின் ஜயானில் பிறந்து டமாஸ்கஸில் வாழ்ந்த இப்னு மாலிக் (இறப்பு 1274) ரஜஸ் என்னும் யாப்பில் ஏறத்தாழ ஆயிரம் வரிகளில் ‘அல்ஃபிய்யா’ பாடினார். ஏறத்தாழ மூவாயிரம் வரிகளில் தாம் எழுதிய இன்னொரு நூலின் சுருக்கம் அது. இப்னு அகீலின் உரையோடு அது இன்றும் பாடநூல். இப்னுல் ஹாஜிப் (இறப்பு 1249) வாக்கியத்துக்குக் ‘காஃபியா’வும் சொல்லுக்கு ‘ஷாஃபியா’வும் தந்தார். காஃபியாவுக்குக் கவிஞர் ஜாமீ தம் மகன் ளியாவுத்தீனுக்காக எழுதிய உரை இந்திய மதரஸாக்களில் ‘ஷரஹ் ஜாமீ’ எனப் புகழ்பெற்றது. கெய்ரோவின் இப்னு ஹிஷாம் (1309–1360) எழுதிய ‘முஃக்னில் லபீப்’ உயர்நிலை நூல். இஃராப் கூறுபவரின் முதற்கடமை பொருளைப் புரிந்துகொள்வது என்று அவர் அதில் வலியுறுத்துவது ஜுர்ஜானீயின் குரலை நினைவூட்டும்.

மாணவரின் அன்றாடப் பயிற்சி ஒரு வாக்கியத்தைச் சொல் சொல்லாகக் கூறுபடுத்துவது. ‘ளரப: இறந்தகால வினை, ஃபத்ஹாவில் (‘அ’ குறியில்) நிலைத்தது. ஸைதுன்: எழுவாய், ரஃபில் உள்ளது, அடையாளம் வெளிப்படையான ளம்மா (‘உ’ குறி)’ என்று மாறாத வாய்பாட்டில் சொல்ல வேண்டும். இதில் பழகியவர் நீளமான பனுவலிலும் வழி தவறமாட்டார். ஆயினும் வாய்பாட்டு அறிவு வேறு, மொழித்திறன் வேறு என்று இப்னு கல்தூன் 14ஆம் நூற்றாண்டிலேயே தம் ‘முகத்திமா’ நூலில் எழுதினார். இலக்கணத்தில் கரைகண்டவர்களும் ஒரு சிறு கடிதம் எழுதப் புகுந்தால் பிழை செய்வதை அவர் சுட்டினார். ஸீபவைஹியின் நூலை அவர் விதிவிலக்காக்கியதற்குக் காரணம், அது விதிகளோடு அரபுக் கவிதையையும் வழக்கையும் நிறையக் கொடுத்தது.

ஐரோப்பாவுக்கு இந்தக் கல்வி அச்சு வழியே போனது. ரோமின் மெடிச்சி அச்சகம் 1592இல் ஆஜுர்ரூமிய்யாவையும் காஃபியாவையும் அரபிலேயே அச்சிட்டது. லெய்டனின் எர்ப்பேனியஸ் 1613இலும், பாரிஸின் ஸில்வெஸ்டர் த ஸாஸி 1810இலும் வெளியிட்ட இலக்கணங்கள் தலைமுறைகளுக்கு வழிகாட்டின. காஸ்பாரியின் நூலை அடியொற்றி 1859 முதல் வெளிவந்த ரைட்டின் இலக்கணம் இன்னும் மேசையில் இருக்கிறது. இவை சொற்களின் வடிவங்களை லத்தீன் முறையில் பட்டியலிட்டன. தேடிப் பார்க்க வசதியானவை. ஆனால் அரபு இலக்கணி ஏன் அப்படிச் சிந்தித்தார் என்பதை இவற்றால் மட்டும் அறிய முடியாது.

தமிழகத்தில் இக்கல்வி கடற்கரை முஸ்லிம் ஊர்களிலும் வேலூரிலும் வேர்கொண்டது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தை 19ஆம் நூற்றாண்டில் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் நிறுவினார். லக்னோவின் முல்லா நிஜாமுத்தீன் (இறப்பு 1748) பெயரால் வழங்கும் பாடத்திட்டத்தின் தடத்தில் வந்த மதரஸாக்களில் ஸர்ஃபுக்கு ‘மீஸான்’, நஹ்வுக்கு ‘ஹிதாயதுந் நஹ்வு’, பிறகு காஃபியா, ஷரஹ் ஜாமீ என்று வரிசை செல்லும். ஒருவர் எவ்வளவு படித்திருக்கிறார் என்பதை எந்தக் கிதாபு ஓதுகிறார் என்று கேட்டே அறிவார்கள். மீஸான் போன்ற சில தொடக்க நூல்கள் பாரசீகத்தில் எழுதப்பட்டவை. தமிழ்ப் பிள்ளை ஒன்று அரபு வினையை அறிய முதலில் பாரசீகத்தை நெட்டுருப் போட வேண்டியிருந்தது வரலாற்றின் வினோதம்.

20ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலீ ஜாரிமும் முஸ்தஃபா அமீனும் எழுதிய ‘அந்நஹ்வுல் வாளிஹ்’ வரிசையைத் திருப்பிப்போட்டது. முதலில் வாக்கியங்கள், பிறகு அவற்றைப் பற்றிய உரையாடல், அதன்பின் விதி, கடைசியில் பயிற்சி. இந்திய மதரஸாக்கள் பலவும் இதை ஏற்றுக்கொண்டன. அரபைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்காக இந்த முறையை இன்னும் முன்னெடுத்தவர் வாணியம்பாடியில் 1933இல் பிறந்து மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வி. அப்துர் ரஹீம் (இறப்பு 2023). மூன்று பாகங்களாக அவர் எழுதிய ‘துரூஸுல் லுகதில் அரபிய்யா’ மதீனா நூல்கள் என்ற பெயரில் உலகெங்கும் படிக்கப்படுகிறது. வீடு, பள்ளிவாசல், பேனா என்று சுட்டிக் கேட்கும் சிறு வாக்கியங்களில் அது தொடங்குகிறது. ஈற்றுயிர் முதற்பக்கத்திலிருந்தே அச்சிடப்பட்டிருக்கும். அதன் காரணம் உடனே சொல்லப்படாது. முன்னிடைச்சொல் வந்ததும் ‘உ’ ‘இ’யாவதை மாணவர் பல வாக்கியங்களில் கண்டு பழகுகிறார். மாறும் சொல், மாறாச் சொல், முதன்மை அடையாளம், மாற்று அடையாளம் என்ற பழைய பகுப்பு முறையாக வருவது மூன்றாம் பாகத்தில்தான். அங்கு சேரும்போது அவர் கையில் இருப்பது, சில கலைச்சொற்களைத் தவிர, ஆஜுர்ரூமிய்யாவின் முதற்பக்கங்களில் உள்ள அதே பாடம்.